குதிரைக்கு எத்தனை மார்க்?

ஒரு காலத்தில் ஒரு கம்ப்யூட்டருக்குள் ஒரு செஸ் புரோகிராம் குடியிருந்தது. அதை எழுதிய மேதை யார் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.

அந்தப் புரோகிராமில் இரண்டு அதிகாரிகள். ஒருவர் தேடல். 'நாம் இப்படி ஆடினால் எதிராளி எப்படி ஆடுவான்' என்று, வரப்போகும் ஆட்டத்துக்குள் ஓடிப் பார்த்துவிட்டு வருவது அவர் வேலை. இன்னொருவர் மதிப்பீடு. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையமாட்டார். தேடல் வந்து சொல்வதைக் கேட்டு மார்க் போடுவார். ஒரு சிப்பாய்க்கு ஒரு மார்க், ஒரு குதிரைக்கு மூன்று. எதிரி ராஜாவின் கோட்டைக்குள் பாய்ந்தவர்களுக்கு மட்டும் தனியாக, அள்ளி அள்ளிக் கொடுப்பார். எழுதிய மேதைக்குத் தாக்குதல் என்றால் உயிர். தற்காத்து ஆடுகிறவர்களை அவர் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

அன்று புரோகிராம்களுக்குள் போட்டி, இறுதி ஆட்டம். கறுப்பு ராஜா மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்தார். எதிரே நம் வெள்ளைக் குதிரை.

"தம்பி குதிரை, அந்தச் சிப்பாய் மேல பாய்!" என்றார் மதிப்பீடு. "ராஜா உன்னை வெட்டுவார். கோட்டை உடையும். மத்ததை நம்ம ஆளுங்க பாத்துக்குவாங்க."

"நான் திரும்பி வர மாட்டேனே சார்."

"தியாகம்னா சும்மாவா? நீ போனதுக்கப்புறமும் ரெண்டு மார்க் நமக்குச் சாதகம். எவ்வளவு பெருமை உனக்கு!"

"உங்களுக்கென்ன சார், உக்காந்த இடத்துல சொல்லிடுவீங்க. சாகறதுக்கு நான் தயார். வீணா சாகத்தான் மனசு வரல. இது சரியா வருமான்னு ஒரு தடவை பாத்துட்டு வரச் சொல்லுங்க."

தேடல் ஆறு நகர்த்தல் தூரம் ஓடிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பினார். "ராஜா வெளியே வந்துட்டார்! செக் மேல செக்!"

"பாத்தியா?" என்றார் மதிப்பீடு. "ரெண்டு மார்க் சாதகம்."

"இன்னும் கொஞ்சம் போய்ப் பாருங்கண்ணே," என்று குதிரை கெஞ்சியது.

பத்து நகர்த்தல் போய்விட்டு வந்தார் தேடல். "ராஜா மூலைப் பக்கமா நகர்றார். விரட்டிக்கிட்டிருக்கோம்."

"ரெண்டு மார்க் சாதகம்."

பதினைந்து போய்விட்டு வந்தபோது தேடல் ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தார். "ராஜா மூலையில காலை நீட்டிப் படுத்துட்டார். நம்ம ஆளுங்க என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கறாங்க."

"ரெண்டு மார்க் சாதகம்."

"அப்பவுமா?" என்றது குதிரை.

"எப்பவும்!" என்றார் மதிப்பீடு.

"சீக்கிரம் முடிங்கப்பா, நாப்பது செகண்டுதான் இருக்கு!" என்று கடிகாரம் கத்தியது.

"ஒண்ணே ஒண்ணு சார். அந்தப் பதினஞ்சாவது நகர்த்தல்ல ராஜாவோட கோட்டைக்குள்ள நிக்கிற நம்ம ஆளுங்க யார் யார்?"

மதிப்பீடு விரல் விட்டு எண்ணினார். "ராணி, யானை, மந்திரி, குதிரை. நாலு பேர்."

"எந்தக் குதிரை? எங்கண்ணன் ஆட்டம் ஆரம்பிச்ச கட்டத்தை விட்டே இன்னும் நகரலையே?"

"உங்கண்ணன் இல்லப்பா. நீதான்."

"அட கடவுளே! நான்தான் முதல் நகர்த்தல்லயே செத்துட்டேனே!"

மதிப்பீடு தன் விதிகளைப் பரபரவென்று புரட்டினார். அவர் முகம் தொங்கிவிட்டது. "பாஞ்சவனுக்கு மார்க் போடுன்னு எழுதியிருக்கு. செத்துட்டா எடுத்துடுன்னு எழுதலையேப்பா."

"இத்தனை நாளும் இப்படித்தான் அனுப்பினீங்களா?"

"ஆமாம்."

"ஜெயிச்சோமா?"

"சில ஆட்டத்துல எதிராளி மிரண்டு தப்பா ஆடினான். ஜெயிச்சோம். பிரமாதமான தியாகம்னு எல்லாரும் சொன்னாங்க."

"தோத்தப்போ?"

"குதிரை சரியில்லைன்னு சொன்னோம்."

குதிரைக்கு வந்த கோபத்தில் வால் விறைத்துக்கொண்டது. "என்னை எடுத்துட்டு இப்ப மார்க் போடுங்க."

"மூணு மார்க் நமக்குப் பாதகம்," என்றார் மதிப்பீடு, காதில் விழுந்தும் விழாமலும்.

"ரெண்டு சாதகம் மூணு பாதகமாச்சு. வித்தியாசம் அஞ்சு. அந்த அஞ்சும் செத்துப்போன எனக்குப் போட்டதா?"

"ஆமாம்."

"இப்ப உயிரோட உங்க முன்னாடி நிக்கிறேனே, இப்ப எனக்கு எத்தனை?"

மதிப்பீடு தலையைக் குனிந்துகொண்டார். "மூணு."

குதிரை திரும்பித் தன் ராஜாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

வெளியே, திரைக்கு முன்னால் மேதை குதித்தார். "கோழை! கோழைக் குதிரை! பாய்வான்னு பாத்தா பின்வாங்கறான்!"

எதிர்ப் புரோகிராமை எழுதிய அமலோற்பவம் டீச்சர் பக்கத்தில்தான் இருந்தார். "பாஞ்சிருந்தா எங்க ராஜா மூலைக்குப் போயிருப்பார் சார். அதுக்குத்தான் நான் காத்துக்கிட்டிருந்தேன்," என்றார்.

ஆட்டம் டிரா. ஏற்கெனவே புள்ளிகளில் முன்னால் இருந்ததால் டிரா போதும் என்கிற நிலையில் இருந்த டீச்சருக்குக் கோப்பை கிடைத்தது. மேதை வயிற்றெரிச்சலோடு புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் பார்த்தார். விட்டுப்போன வரி அப்போதுதான் கண்ணில் பட்டது.

கடைசியில் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அந்த மேதை அடியேன்தான்.

வரியைச் சேர்த்துவிட்டேன். கை சும்மா இருக்குமா? 'பிரமாதமான தியாகம்' என்று அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்துச் சுவரில் மாட்டி வைத்திருந்த என் ஆறு வெற்றிகளையும் மதிப்பீட்டிடம் மறுபடி கொடுத்து மார்க் போடச் சொன்னேன். ஆறுமே தப்பான தியாகம் என்று வந்தது.

ஆறிலும் செத்தது குதிரை. கைதட்டல் வாங்கியது நான்.