மண் ஜாடியில் தையல்

கண்ணை மூடினால் போதும், குழந்தைவேலுவின் வலது கால் பிரேக்கை மிதித்துவிடும்.

வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் குரு வேதவல்லியிடம் வந்து சேர்ந்தார். குருவைவிட வயதில் மூத்த சீடர். முட்டி வலியால் கடைசி வரிசையில் நாற்காலி போட்டு உட்காருவார். தியானக் கூடம் அடங்கி வரும் நேரத்தில் அங்கிருந்து 'தொப்'பென்று சத்தம் வரும். ஒருவர் சிரிப்பை அடக்குவார். அப்புறம் எங்கே தியானம்?

அன்று காலை குழந்தைவேலு பையும் கையுமாகக் குருவின் முன்னால் வந்து நின்றார்.

"நான் ஊருக்கே போயிர்றனுங்கம்மா. எல்லாத்தையும் விட்டாச்சு, இந்தக் கால் மட்டும் விட மாட்டேங்குது. இது எப்பத்தான் போகும்?"

"பை இருக்கட்டும். வாங்க, ஒரு இடத்துக்குப் போயிட்டு வரலாம்."

நகர அருங்காட்சியகத்தில் கித்தானியர் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் சீனாவின் வடக்கே குதிரையே கதியென்று வாழ்ந்த ஜனங்கள். சேணம், தங்க முகமூடி எல்லாவற்றையும் தாண்டிப் போய், குரு ஒரு பச்சை ஜாடியின் முன்னால் நின்றார்.

குழந்தைவேலு குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டார்.

"என்னங்கம்மா இது, மண்ணுல தையல் போட்டிருக்கான்?"

"குதிரையில போனப்ப தோல் பையில தண்ணி கொண்டு போனாங்க. அப்புறம் வீடு கட்டி உக்காந்தாங்க. அதே பையை மண்ணுல செஞ்சாங்க."

"தையல் எதுக்குங்க? மண்ணு பிரிஞ்சா போகும்?"

"பிரியாது."

"அப்ப வீண் வேலைதானுங்களே?"

குரு தையல் ஓரத்தைக் காட்டினார். குழந்தைவேலு இன்னொரு முறை குனிந்தார். ஊசித் துளையைக்கூட விடாமல் பார்த்துப் பார்த்து அழுத்தியிருந்தான் அந்தக் குயவன். முகம் தெரியாத அந்த ஆள்மேல் அவருக்குப் பிரியம் வந்துவிட்டது.

"அழகாத்தான் இருக்குது" என்றார்.

திரும்பும் வழியில் பஸ்ஸுக்குக் குறுக்கே ஓர் ஆடு ஓடியது. டிரைவருக்கு முன்பே குழந்தைவேலுவின் கால் மிதித்தது. குரு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் குழந்தைவேலு வழக்கம்போலக் கடைசியில் போய் உட்கார்ந்தார். பை காலடியில் இருந்தது. கண்ணை மூடினார்.

தொப்.

கூடம் சிரித்தது. குருவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"பாத்தீங்களாம்மா? நான் கிளம்பறனுங்க."

"ஐயா, நாற்காலியை எடுத்துக்கிட்டு முன்னால வாங்க. பிரேக் பிடிக்கிற ஆளே கடைசி சீட்டுல உக்காந்தா, நாங்கெல்லாம் எந்தத் தைரியத்துல கண்ணை மூடுறது?"