தீரா என்றொரு சொல்

கருவேலங்கோட்டையை ஆண்ட விசயமாறனுக்கு மூட்டுவாதம் என்று சொல்பவர்கள் உண்டு; இரைப்பு என்று சொல்பவர்களும் உண்டு. கதையின் நடுவே மன்னனுக்கு மூச்சு வாங்குவதால் இரைப்பு என்றே வைத்துக்கொள்வோம். வந்த வைத்தியர்களெல்லாம் "தீராத நோய்" என்று கைவிரித்துப் போனதில் மன்னன் வெகுண்டான். இனி அந்தச் சொல்லைச் சபையில் உச்சரிப்பவன் தலை உருளும் என்று முரசறைவித்தான்.

அரண்மனை வைத்தியர் ஆதிமூலப் பண்டிதர் கைராசிக்காரர். வாய்க்குத்தான் காவல் இல்லை. தம் மைத்துனனை அந்தப் பதவியில் அமர்த்தத் துடித்த தளவாய் வேங்கடராயர், ஒருநாள் சபையில் தேனொழுகக் கேட்டார்:

"பண்டிதரே, மகாராஜாவின் நோய் எந்த வகை?"

"தொற்று நோய் அன்று, பரம்பரை நோயும் அன்று. முறை வைத்து வந்துபோகும் காய்ச்சலைப் போன்றதும் அன்று. நாள்பட்ட இரைப்பு. தீரா நோய்..."

பண்டிதர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லிவிட்டார்!" என்று துள்ளினார் தளவாய். மன்னன் முகம் சிவந்தது.

அவைப்புலவர் அம்பலவாணர் சட்டென்று எழுந்துவிட்டார். பண்டிதர் அவருடைய பால்ய சிநேகிதர். என்ன சொல்வதென்று புலவர் எழுந்த பிறகுதான் யோசித்தார்.

"மகாராஜா, பண்டிதர் தங்களைத் 'தீரா!' என்று வாயார அழைத்தார். அடுத்து 'நோய்' என்று தொடங்கினார். அதற்குள் தளவாய் குறுக்கே விழுந்துவிட்டார்."

"பிதற்றாதீர் புலவரே! அவர் சொன்னது வேறு."

"எனக்குக் காது சற்று மந்தம், தளவாய் அவர்களே. பிரித்துச் சொல்லுங்களேன்."

"தீராத நோய் ஐயா! தீ... ரா... த... நோய்! விளங்கிற்றா?"

"நன்றாக விளங்கிற்று. பண்டிதர் சொன்னாரா என்பதில் ஐயம் உண்டு. தாங்கள் இருமுறை சொன்னதில் ஐயமே இல்லை."

தளவாயின் கை தானாகவே கழுத்தைத் தடவியது. சபை கொல்லென்று சிரித்தது. மன்னனும் சிரித்தான். சிரித்த வேகத்தில் இரைப்பு மேலிட்டது. பண்டிதர் ஓடிச்சென்று சூரணத்தைத் தேனில் குழைத்து அவன் நாவில் தடவினார். மூச்சு சீரானது.

"தளவாயே, பிழைத்துப் போம்!" என்றான் மன்னன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "புலவரே, விளையாட்டு போதும். உண்மையில் என் நோய் தீருமா?"

அம்பலவாணர் பண்டிதரைப் பார்த்தார். பண்டிதர் இல்லையென்று தலையசைத்தார்.

"மருந்து தீராதவரை நோய் அடங்கிக் கிடக்கும், மகாராஜா. நோயைத் தீர்க்க முடியாத கோபத்தில் வைத்தியரைத் தீர்த்துவிடாதீர்கள்!"

மன்னன் தன் பட்டுச் சால்வையை எடுத்துப் புலவருக்குப் போர்த்தினான். அன்று அந்தச் சபையில் தீர்ந்தது அவன் போட்ட சட்டம் ஒன்றுதான்.