இடது ஸ்பீக்கர் முனகிய கதை

கோயம்புத்தூர் அவிநாசியப்பன் ஓய்வுபெற்ற நீதிபதி. அவருடைய அதட்டலுக்கு மட்டும் ஓய்வு கிடையாது.

"இடது ஸ்பீக்கர் முனகுது. ரெண்டு தடவை மாத்திக் கொடுத்தும் அதேதான். இன்னைக்குச் சரியாகலேன்னா உங்க கம்பெனியை இழுத்து மூட வெச்சுருவேன்!"

கம்பெனி என்பது தகரக் கொட்டகையில் நாலு பேர். ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இழைப்பதும், வீடு தேடிப்போய்ப் பழுது பார்ப்பதும் தவமணி.

அவள் திருப்புளியை எடுக்கவே இல்லை. பாட்டை ஓடவிட்டாள். "ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உட்காருங்கய்யா. இப்ப எது முனகுது?"

"அட, இப்ப அந்த வலது ஸ்பீக்கர் முனகுது. இடது நல்லாப் பாடுதே!" என்றவர் சட்டென்று நிறுத்தினார். கை தானாக இடது காதுக்குப் போனது.

தவமணி நாற்காலியைப் பழையபடி திருப்பிப் போட்டு, இடது ஸ்பீக்கரை ஓரடி முன்னால் நகர்த்தினாள்.

"ரிப்போர்ட்டுல என்ன எழுதுவே, அம்மணி?" குரல் இறங்கியிருந்தது.

"இடது பக்கம் சரி பண்ணியாச்சுன்னு எழுதறேனுங்க."

அவருக்கு இடப்பக்கம் சோபாவில் இருந்த மனைவி நாச்சம்மாள், "ஆறு மாசமா நான் பேசினா பதிலே வராது. என்மேல கோபம்னு இருந்துட்டேன்" என்று தவமணியிடம் சொன்னாள். பிறகு எழுந்துபோய் அவருடைய வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

"கேக்குதுங்களா?"

"கேக்குது, நாச்சா. பேசு."