உம் கொட்டிய முயல்

நாவல் மரங்கள் நிறைந்த ஒரு காட்டில், கொத்தன் என்று ஒரு மரங்கொத்தி இருந்தது. பெயருக்கேற்ற வேலைதான், குழந்தைகளே. கிளிக்குப் பொந்து வேண்டுமா, மைனாவுக்கு வேண்டுமா, ஆந்தைக்கு வேண்டுமா, கொத்தன்தான் மரத்தைக் குடைந்து கொடுக்க வேண்டும். காலையில் காகம் கரைந்ததும் வேலைக்குக் கிளம்பினால், பொழுது சாயும்போது கழுத்து வலியோடு திரும்பும்.

அந்தக் காகம்தான் வேலைக்கு மேஸ்திரி. தன் அலகால் ஒரு சுள்ளியைக்கூடக் கொத்தியதில்லை. பிறரைக் கொத்த வைப்பதில் மட்டும் மகா கெட்டிக்காரக் காகம்.

கொத்தனுக்குக் கதை கட்டவும் வரும். நாளெல்லாம் மரத்தில் மோதுகிற தலைக்குள் கதைகள் எப்படிச் சிதறாமல் இருந்தனவோ, எனக்குத் தெரியாது. விடிந்த பிறகு, காகம் கரைவதற்கு முன்பு, ஒரு நாழிகை நேரம் அதற்குக் கிடைக்கும். அந்த நேரத்தில் தன் நாவல் மரத்தடிக்கு இறங்கிவந்து கதை சொல்லும்.

கேட்பது வெண்ணி என்கிற முயல். வேடன் வைத்த கண்ணியில் சிக்கி அதன் பின்னங்கால் ஒன்று வீணாகிவிட்டது. மரத்தடிப் புதரை விட்டு அதிக தூரம் போக முடியாது. போன வருஷத்து வெள்ளத்தில் அதன் ஒரே குட்டியை ஆறு அடித்துக்கொண்டு போனது. குட்டி எங்கேயாவது கரை ஏறியதா இல்லையா என்பது வெண்ணிக்கு இன்றுவரை தெரியாது.

கதை கேட்கிறவர்கள் 'உம்' கொட்ட வேண்டும் அல்லவா? வெண்ணியைப் போல் உம் கொட்ட அந்தக் காட்டில் ஆளே கிடையாது. சந்தோஷமான இடத்தில் சின்னதாக ஓர் 'உம்'. பயமான இடத்தில் 'உ...ம்' என்று இழுக்கும். அந்த உம் காதில் விழுந்தால்தான் கொத்தனுக்கு அடுத்த வரியே வரும். வேலைக்கு நடுவே தனியாக யோசித்துப் பார்த்திருக்கிறது. ஒரு சொல்கூட வந்ததில்லை.

அந்தக் கோடையில் கொத்தன் சொல்லிக்கொண்டிருந்தது, வெள்ளத்தில் தாயைப் பிரிந்த ஒரு யானைக்குட்டியின் கதை. தினமும் ஒரு நாழிகை நேரத்துக்கு அந்தக் குட்டி நடக்கும். ஒரு நாள் அது பெரிய ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது.

"அக்கரையிலே ஒரு யானைக் கூட்டம் நின்னுச்சு" என்றது கொத்தன்.

"உம்."

"அதிலே ஒரு யானை மட்டும் மெதுவா இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துச்சு."

"உ...ம்."

"கா! கா!" என்று கரைந்தது காகம்.

கொத்தன் எழுந்தது. வெண்ணி பதறிப்போய், "அண்ணே, அது அம்மாதானே?" என்று கேட்டது.

"நாளைக்குச் சொல்றேன், தங்கச்சி."

வேலைக்குப் போகும் வழியில் காகம் கொத்தனை மறித்தது. "கொத்தா, உன் கதையை மேலே உட்கார்ந்து கேட்டேன். அடடா, தேன்! ஆனா இப்படிப் பிச்சுப் பிச்சுச் சொல்றியே, பாவம். ஒரு நாழிகையிலே என்னத்தைச் சொல்ல முடியும்? நல்ல கதைக்கு முழுப் பொழுது வேணாமா?"

கொத்தனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "வேணும்தான் மேஸ்திரி. வேலை இருக்கே."

"அதுக்குத்தான் ஒரு வழி சொல்றேன். அந்த ஒரு நாழிகையையும் வேலைக்கே கொடுத்துடு. மழைக்கு முன்னாலே எல்லாப் பொந்தும் முடிஞ்சிரும். மழை தொடங்கின அன்னையிலேருந்து உனக்கு ஒரு மாசம் லீவு. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கதையே சொல்லு. உன்னை யார் கேக்கப் போறா?"

ஒரு மாதம்! கொத்தனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மாலையே வெண்ணியிடம் ஓடிவந்து சொன்னது.

வெண்ணியின் காதுகள் தொங்கிப்போயின. "மழை வர இன்னும் நாற்பது நாள் இருக்கே, அண்ணே."

"நாற்பது நாள்தானே? கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிரும். அப்புறம் ஒரே மூச்சிலே முழுக் கதையும் உனக்குத்தான்."

"அது அம்மாதானான்னு மட்டும் சொல்லிட்டுப் போங்களேன்."

"அவசரத்திலே சொன்னா கதை கெட்டுப்போயிரும், தங்கச்சி" என்றது கொத்தன். உண்மையில், அது அம்மாதானா என்று கொத்தனுக்கே இன்னும் தெரியாது.

மறுநாளிலிருந்து காகம் ஒரு நாழிகை முன்னதாகவே கரைந்தது. கொத்தன் விர்ரென்று மேலே பறக்கும்போது கீழேயிருந்து வெண்ணி கூப்பிடும். "அண்ணே, ஒரே ஒரு வரி!"

"மழை வரட்டும்!" என்று சொல்லிக்கொண்டே கொத்தன் போய்விடும்.

கோடை ஏறிக்கொண்டே போனது. புதரைச் சுற்றியிருந்த புல் காய்ந்து சருகானது. பச்சையைத் தேடிப் போக வெண்ணிக்குக் கால் இல்லை. நாளுக்கு நாள் அதன் குரல் மெலிந்தது. மேலே பறக்கிற கொத்தனுக்கு அது தெரியவில்லை. தலை நிறையப் பொந்துக் கணக்கும், அதற்குப் பின்னால் வரப்போகிற ஒரு மாதமும்தான் இருந்தன.

ஒரு நாள் காலை கீழேயிருந்து குரல் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. 'அப்பாடா, தொந்தரவு இல்லை' என்று கொத்தன் நினைத்தது. இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தது.

நாற்பத்தோராம் நாள் மழை பிடித்துக்கொண்டது. காகத்தைப் பொய்க்காரன் என்று எண்ணிவிடாதீர்கள். சொன்னபடியே, "போ கொத்தா, ஒரு மாசம் உன்னுது" என்று அனுப்பி வைத்தது.

கொத்தன் நனைந்துகொண்டே நாவல் மரத்தடிக்குப் பறந்தது. "தங்கச்சி! மழை வந்திருச்சு! ஒரு மாசம் முழுசா இருக்கு! வா, உட்காரு!"

புதர் அசையவில்லை. கொத்தன் இலைகளை விலக்கிப் பார்த்தது. வெண்ணி ஒருக்களித்துக் கிடந்தது. நீண்ட காதுகள் இரண்டும் கொத்தனின் கிளைப் பக்கமாகத் திரும்பியிருந்தன. உடம்பு சில்லிட்டிருந்தது.

பக்கத்து வேரில் ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. அது மெதுவாகச் சொன்னது: "கூப்பிடறதுக்குக் குரல் இல்லாமப் போச்சு அதுக்கு. ஆனா தினமும் காலையிலே நீ மேலே பறக்கிற சத்தம் கேட்டா, வாய்க்குள்ளேயே 'உம்'னு சொல்லும். நேத்துக் காலையிலே நீ பறந்தே. உம் வரலே."

கொத்தன் மழையில் விழுந்து புரண்டு அழுதது. அழுது முடித்துவிட்டு வெண்ணியின் காதருகே போய் உட்கார்ந்தது.

"அது அம்மாதான், தங்கச்சி. அம்மாவேதான். குட்டியைப் பார்த்ததும் ஆத்திலே இறங்கிடுச்சு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தது. இலைகளில் மழை விழுகிற சத்தம் மட்டுமே கேட்டது. அந்த உம் வராமல் அடுத்த வரி எப்படி வரும்? அன்று வரவில்லை. அந்த மாதம் முழுவதும், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தும் வரவில்லை. தாய் யானை ஆற்றில் இறங்கியது இறங்கியபடியே நின்றுவிட்டது.

இன்றைக்கும் மரங்கொத்தியைக் கவனித்துப் பாருங்கள். டொக் டொக் டொக் என்று கொத்தும். சட்டென்று நிறுத்தித் தலையைச் சாய்த்துக் கீழே காது கொடுக்கும். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மறுபடியும் கொத்தத் தொடங்கும்.

நீதி: வேலைக்கு நடுவே கிடைக்கும் ஒரு நாழிகைதான் உன்னுடையது, பின்னால் வரப்போகும் முழு மாதத்தை நம்பி அதைக் கொடுத்துவிடாதே.