மகாராஜா வைத்த ரசம்

நெய்தலூரை ஆண்ட வசந்தராய பூபதிக்கு ஒரு குறையும் கிடையாது. இருந்திருந்தாலும் அது அவருக்கு ஞாபகம் இருந்திருக்காது.

காலையில் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டால் அவர் சமையற்காரரின் முகத்தைப் பார்ப்பார். யாராவது வந்து வணங்கினால், பின்னால் நிற்கும் பெயர்சொல்லி காதோடு "தளபதி" என்பான். உடனே இவர், "வாரும் தளபதி" என்பார். அந்தப் பெயர்சொல்லி இருமலில் படுத்த நாளில்தான் வம்பு வந்தது. மகாராணியின் கூடப்பிறந்த தம்பி அரண்மனைக்கு வந்தார். பூபதி அவரை அன்போடு உட்காரவைத்து, "ஐயாவுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். பந்தியில் இன்னொரு தடவையும் கேட்டார்.

அன்றிலிருந்து மகாராணி அவரோடு பேசுவதில்லை.

மகாராஜா சபையைக் கூட்டினார். "எனக்கும் ஒரு காலத்தில் புத்தி இருந்ததே, அது எங்கே போயிற்று?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

அரண்மனை வைத்தியர் கந்தப்பர் எழுந்தார். அவர் கொடுத்த ஞாபகசக்தி லேகியம் ஜாடி ஜாடியாக உள்ளே போயும் பலன் இல்லை. "என் லேகியத்துக்கே மசியவில்லை என்றால் அது வியாதி இல்லை, மகாராஜா. திருட்டு! ஒருவரிடம் குறைந்த பொருள் இன்னொருவரிடம் கூடியிருக்கத்தானே வேண்டும்? இந்தச் சபையில் தேவைக்கு மேல் புத்தி வைத்திருப்பவர் யார்?"

எல்லோரும் ஆவுடைநாயகத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். சாமர்த்தியமாகப் பேசுவதற்கென்றே சம்பளம் வாங்கும் மந்திரி அவர். அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வைத்தியர் வாதத்தில் ஓட்டை எதுவும் கண்ணில் படவில்லை.

"நாளைக்குள் திருடனைப் பிடித்து வாரும்" என்றார் மகாராஜா. "இல்லாவிட்டால் நீர்தான் திருடன். குடும்பத்தோடு நாட்டை விட்டுக் கிளம்பும்."

நெய்தலூர்த் தண்ணீரைத் தவிர வேறு எந்த ஊர்த் தண்ணீரும் ஆவுடைநாயகத்துக்கு ஒத்துக்கொள்ளாது.

மறுநாள் அவர் சபைக்குத் திருடர்களோடு வந்தார். ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டியிருந்தார். மகாராஜா எட்டிப் பார்த்தார்.

"இவன் என் செருப்பை எடுத்துத் தருகிறவன் அல்லவா?"

"ஆமாம். செருப்பை எங்கே விட்டோம் என்று யோசிப்பது தங்கள் புத்தியின் வேலை. அதைக் கொண்டுபோனது இவன். பெயர்களைக் கொண்டுபோனது பெயர்சொல்லி."

"கடைசியில் நிற்பவன்?"

"மகாராணியாரோடு தங்களுக்குப் பதிலாகப் பல்லாங்குழி ஆடுகிறவன். தாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெயித்துக்கொண்டிருக்கிறீர்கள்."

"அட பாவிகளா!" என்றார் மகாராஜா.

"நகையைத் திருடினவன் நகையைத் திருப்பித் தரவேண்டும். இவர்கள் வேலையைத் திருப்பித் தரட்டும். ஒரு மாதம் உள்ளே இருக்கட்டும். இவர்கள் பார்த்ததையெல்லாம் அதுவரை தாங்களே பாருங்கள். புத்தி திரும்பவில்லை என்றால் நான் ஊரைவிட்டுப் போகிறேன்."

முதல் நாள் மகாராஜா வெறுங்காலோடு சபைக்கு வந்தார். செருப்பு குளியலறையில் இருந்தது, இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. சமையற்காரரையும் கயிற்றில் கட்டிவிட்டபடியால் ரசம் அவரே வைத்தார். முதல் ரசத்தில் உப்பு இல்லை. அடுத்ததில் உப்பைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. பிறகு புளியைக் கரைத்த கையோடு, எதற்குப் பின் எதைப் போட்டோம் என்று வாய்க்குள் சொல்லிக்கொள்ளப் பழகினார். கோலம் போடுகிறவளும் சிறையில் இருந்தபடியால், மகாராணி வைத்த புள்ளிகளைச் சேர்த்துக் கோலம் போட முயன்றதில், கோடு வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டது. மாலையில் பல்லாங்குழி. ஒருநாள் அவர் ஒரு குழியில் ஒரு சோழி அதிகமாகப் போட்டுவிட்டார்.

"ஏமாற்றாதீர்கள்!" என்றாள் மகாராணி.

வெகுநாள் கழித்து அவள் பேசிய முதல் வார்த்தை. மகாராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சிறையில் இருந்தவர்களுக்கு வேளாவேளைக்குச் சோறு கிடைத்தது, வேலைதான் இல்லை. மாதக் கடைசியில் காவலன் பெயர்சொல்லியின் பெயரைக் கேட்டான். பெயர்சொல்லி, பக்கத்தில் இருந்தவன் முகத்தைப் பார்த்தான்.

மாதம் முடிந்து சபை கூடியபோது ராணியின் தம்பியும் வந்திருந்தார். "வாரும் மைத்துனரே! அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா?" என்றார் மகாராஜா. ராணியின் முகம் மலர்ந்தது. வைத்தியர் அவசரமாக லேகியத்தோடு முன்னால் வந்தார். மகாராஜா ஒரு விரல் எடுத்து நக்கினார். "இது போன ஐப்பசியில் எனக்கு வயிற்றுப்போக்குக்குக் கொடுத்தது" என்றார். வைத்தியர் ஜாடியை மூடிக்கொண்டு பின்னால் போனார்.

ஆவுடைநாயகம் நிம்மதியாக மூச்சு விட்டார். மகாராஜா அவர் பக்கம் திரும்பினார்.

"மந்திரியாரே, மூன்று வருஷமாகச் சித்திரை தவறாமல் உமக்கு அறுபதாம் கல்யாணத்துக்கென்று பட்டு கொடுத்திருக்கிறேன். ஒரு மனிதனுக்கு அறுபது வயது எத்தனை தடவை வரும்?"

வைத்தியர் ஜாடியைத் திறந்து தானே ஒரு வாய் போட்டுக்கொண்டார். புத்தியைத் திருடவில்லை என்று நிரூபித்த கையோடு மந்திரி பட்டைத் திருடியதற்காக ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கும் போலிருந்தது.

"முதல் வருஷம் நானாகக் கேட்டு வாங்கினேன்" என்றார் ஆவுடைநாயகம். "அடுத்த வருஷம் தாங்களே கூப்பிட்டு, 'உமக்கு அறுபதாமே!' என்று கொடுத்தீர்கள். 'அது போன வருஷமே ஆயிற்று' என்று சொன்னால் மகாராஜாவுக்கு மறதி என்று நாலு பேர் சிரிப்பார்கள். தங்கள் வாக்கும் பொய்யாகக் கூடாது. அதனால் வீட்டுக்குப் போய், ஐயரை அழைத்து, அதே பெண்டாட்டிக்கு மறுபடியும் தாலி கட்டினேன். அதற்கடுத்த வருஷமும் கட்டினேன்."

"அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லையா?"

"கேட்டாள், மகாராஜா. 'மகாராஜாவுக்கு வந்த மறதி உங்களுக்கும் வந்துவிட்டதா?' என்றாள்."

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. ஓடிவந்து பிடிக்க ஆள் இல்லாததால் தானே பிடித்துக்கொண்டார்.

"ஊரிலேயே இரும். எழுபது வயது ஆகும்போது வாரும், நல்ல பட்டாகத் தருகிறேன்."

"அதற்குள் மகாராஜா மறந்துவிட்டால்?"

"மறக்க மாட்டேன்" என்றார் மகாராஜா. "அதுவரை ரசம் நான்தான் வைக்கப்போகிறேன்."