கருமை இல்லாத மழைப்பாட்டு

கொன்றை மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் அஞ்சனி என்றொரு கரிச்சான் குருவி இருந்தது. அலகு முதல் இரட்டை வாலின் நுனி வரை அட்டைக் கறுப்பு. வெயில் பட்டால் பளபளக்கும். பயம் என்பதே அதற்குக் கிடையாது. பருந்தைக்கூட விரட்டி விரட்டிக் கொத்தும்.

அதே காட்டில் செவ்வாயன் என்ற கிளி இருந்தது. மயிலரசனின் அவையில் அதுதான் புலவர். பாட்டில் கெட்டவன் வந்தால் "கரிய நெஞ்சன்" என்று பாடும். துன்பம் வந்தால் "கரிய நாள்" என்று பாடும். கேட்ட பறவைகள் நடுங்கிப் போகும். கிளிக்கு அதில் ஒரே பெருமை.

பாட்டைக் கேட்டுக் கேட்டு, பறவைகள் அஞ்சனியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டன. அந்த ஆண்டு மழை தள்ளிப்போனது. குளம் வற்றியது.

"எல்லாம் இந்தக் கறுப்புக் குருவியால்தான்! நாளை மழையை அழைக்கும் விழா; அது முடிவதற்குள் இதைக் காட்டைவிட்டே துரத்த வேண்டும்!" என்று மைனா கூச்சல் போட்டது. மற்ற பறவைகளும் ஆமாம் போட்டன.

பருந்துக்கு அஞ்சாத அஞ்சனிக்கு அன்று நெஞ்சு படபடத்தது. கூட்டில் மூன்று முட்டைகள் இருந்தன. அவற்றை விட்டுவிட்டு எங்கே போவது? நேரே மயிலரசனின் பாறைக்குப் பறந்தது.

"அரசே, ஒரு பந்தயம்! நாளை விழாவில் புலவர் மழைப்பாட்டைப் பாடட்டும். அதில் என் நிறம் ஓர் இடத்தில்கூட வரக்கூடாது. அப்படிப் பாடி முடித்துவிட்டால் நான் போய்விடுகிறேன். முடியாவிட்டால் என்னை யாரும் துரத்தக்கூடாது."

கிளி விழுந்து விழுந்து சிரித்தது. "இவ்வளவுதானா? தூக்கத்தில்கூடப் பாடுவேன்!"

"சரி, அப்படியே ஆகட்டும்" என்றது மயில்.

மறுநாள் காலை பாறையைச் சுற்றி எள் விழ இடமில்லை. அஞ்சனி ஒரு முள்மரத்தின் உச்சியில் உட்கார்ந்தது. வாலை விறைப்பாக வைத்துக்கொண்டது.

கிளி தொண்டையைக் கனைத்தது. "வானில் எழுந்ததே வெள்ளை மேகம்..."

"நிறுத்து! வெள்ளை மேகம் பஞ்சு மாதிரிப் பறந்து போய்விடும். அதைப் பார்த்து நான் எப்படி ஆடுவது?" என்றது மயில்.

"வானில் எழுந்ததே பச்சை மேகம்..."

"மேகத்தில் பாசி பிடித்துவிட்டதா?" என்று சிட்டுக்குருவிகள் கீச்சிட்டுச் சிரித்தன.

கிளி அடுத்த அடிக்குத் தாவியது. "சிவக்கச் சிவக்க நாவல் பழுக்கும்..."

"சிவந்திருந்தால் அது காய்! வாயெல்லாம் துவர்க்கும்!" என்று கத்தியது மைனா.

"மானின் விழியில் மஞ்சள் மை..."

"ஐயோ! எனக்கென்ன கண்நோயா?" என்று புதரோரம் நின்ற மான் துள்ளியது.

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. கிளிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நிறமே சொல்லாமல் பாடுகிறேன், பாருங்கள்! மேகம் வந்தது, மேகம் வந்தது, மெல்ல மெல்ல வந்தது..."

அஞ்சனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை அது நினைத்துப் பார்க்கவே இல்லை! இன்னும் நாலே அடிதான். பாட்டு முடிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து, மேற்கு மலைக்குப் பின்னால் கடகடவென்று இடி உருண்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. மையைக் கரைத்து ஊற்றியது போல, யானைக் கூட்டம் எழுந்து நடப்பது போல, மலையைத் தாண்டி மேகம் பொங்கி வந்தது. மயிலின் தோகை தானாக விரிந்தது.

கிளி அண்ணாந்து பார்த்தது. என்ன இருந்தாலும் அது புலவர் அல்லவா, குழந்தைகளே! பந்தயம் மறந்தது, வீம்பும் மறந்தது.

"கருமேகமே வா! கண்மணியின் கருமையே வா! காடு குளிர வா, வா!" என்று தொண்டை கிழியப் பாடியது.

காடு முழுவதும் சேர்ந்து பாடியது: "கருமேகமே வா!"

பாடி முடித்த பிறகுதான் கிளிக்கு நினைவு வந்தது. தலை குனிந்தபடி முள்மரத்தடிக்குப் போனது.

"அஞ்சனி, நான் தோற்றுவிட்டேன். உன் நிறத்தைத் திட்டுவதற்கு மட்டுமே எடுத்துக்கொண்டேன். என்னை மன்னித்துவிடு."

"அஞ்சனி இந்தக் காட்டில்தான் இருப்பாள்!" என்று அகவியது மயில்.

அஞ்சனி பதில் சொல்லவும் நிற்கவில்லை. முதல் சொட்டு முதுகில் விழுந்ததுமே விர்ரென்று கூட்டுக்குப் பறந்தது. மூன்று முட்டைகளையும் சிறகால் மூடிக்கொண்டு உட்கார்ந்தது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது.

நீதி: நிறத்தை வைத்து ஒருவரை வெறுப்பது பேதைமை.