சாசனத்தின் முதல் வரி

ஏழுபாறைத் தீவு விடுதலை பெற்ற நான்காம் மாதம் அதன் சாசனம் எழுதி முடியும் நிலையில் இருந்தது. முதல் வரி மட்டும் பாக்கி.

அதை எழுதும் பொறுப்பை வக்கீல் ஞானாதிக்கத்திடம் கொடுத்திருந்தார்கள். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. தீவை ஆண்ட பறங்கியரை எதிர்த்து ஆறு வருடம் சிறையில் இருந்தவர். புதிய அரசில் சட்ட மந்திரி.

அவர் எழுதிய வரி இது: 'இயேசு கிறிஸ்துவின் திருப்பெயரால் இந்த நாடு ஆளப்படும்.'

சாசன மன்றத்தில் நாற்பத்தொரு பேர். அவர்களில் இருபத்தெட்டுப் பேர் கிறிஸ்தவர்கள். ஞானாதிக்கம் அந்த வரியை வாசித்ததும் பலர் எழுந்து நின்றார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். உப்பு வியாபாரி மீரான் லெப்பை மட்டும் தன் இடத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரும் சிறைக்குப் போனவர்தான். இரண்டு வருடம் ஞானாதிக்கத்துக்குப் பக்கத்துக் கொட்டடியில் இருந்தவர்.

இடைவேளையில் ஞானாதிக்கம் அவரிடம் போய், இந்த வரியில் அவருக்கு வருத்தம் உண்டா என்று கேட்டார்.

மீரான் தோள்துண்டை மடித்துப் போட்டுக்கொண்டார்.

"எழுதுங்க. நாங்க பழகிக்கிடுவோம்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஞானாதிக்கம் பதில் சொல்லியிருப்பார். அன்று முழுவதும் அவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. எடுத்த காகிதத்தைக் கீழே வைத்தார், வைத்ததை மறுபடி எடுத்தார். வாக்கெடுப்புக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மறுநாள் காலையில் படகு பிடித்து நண்டுத்திட்டுக்குப் போனார்.

நண்டுத்திட்டு கடலுக்குள் ஒரு மணல்மேடு. அங்கே ஒரு தொழுநோய் இல்லம் இருந்தது. அதை நடத்தியவர் சிஸ்டர் அமலி. அவருக்கு வயது முப்பத்தெட்டு. சிறையில் ஞானாதிக்கம் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது தாதியாக வந்தவர் அவர்தான். உடம்பு தேறிய பிறகும் ஞானாதிக்கம் அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடவுளைப் பற்றி, சாவைப் பற்றி, தன் கோபத்தைப் பற்றி. வெளியே வந்தபின்பும் அந்தப் பழக்கம் விடவில்லை. தன்னைவிடப் பதினாறு வயது சின்னவரை அவர் குருவாகக் கொண்டிருப்பதை ஊரில் சிலர் கேலி பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அமலி அடுப்பின் முன் நின்று, புண்ணுக்குக் கட்டும் துணிகளை அண்டாவில் வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க, வக்கீலய்யா."

"நிக்கிறேன் அம்மா."

ஆனால் அவரால் நிற்கவும் முடியவில்லை. அடுப்புக்கும் கிணற்றுக்கும் நடுவே நடந்துகொண்டே பேசினார். வரியைச் சொன்னார். மீரான் சொன்னதையும் சொன்னார். பிறகு தன் பக்கத்து நியாயங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். தீவில் முதல் பள்ளிக்கூடத்தைக் கட்டியது யார்? காலரா வந்த வருடம் பிணங்களைத் தூக்கியது யார்? பறங்கியர் துப்பாக்கியோடு வந்தபோது ஊரைக் கூட்டியது எந்த மணி? இந்த நாட்டின் அஸ்திவாரத்தில் இயேசு இருக்கிறார், இருப்பதை இல்லை என்று எழுதுவது நன்றி கெட்ட பொய் இல்லையா என்று கேட்டார்.

துறைமுகத்தில் சுடப்பட்ட பதினான்கு பேரைப் பற்றியும் சொன்னார். மாதா கோயிலுக்குள் ஒளிந்திருந்தவர்களை இழுத்துவந்து, கப்பல் மேடையில் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். அதில் ஏழாவதாக நின்றவர் அவருடைய தம்பி செங்கோல்.

அமலி நீளக் குச்சியால் துணியைப் புரட்டிவிட்டார்.

"பதினாலு பேரும் கிறிஸ்தவங்களா?"

"பத்துப் பேர். மூணு பேர் முஸ்லிம். ஒருத்தர் சைவர்."

"அந்த நாலு பேரைக் கோயிலுக்குள்ள விட்டது யாரு?"

"எங்க பங்குச்சாமியார்."

"எந்தப் பேரால விட்டாரு?"

ஞானாதிக்கம் நடப்பதை நிறுத்தினார்.

"அந்தப் பேரைத்தானே அம்மா நானும் எழுதறேன்."

அமலி யோசித்தார். "ஆமா," என்றார். "அது சரிதான்."

குரு ஒத்துக்கொண்டது ஞானாதிக்கத்துக்கு நிம்மதியைத் தரவில்லை. மறுபடி நடக்க ஆரம்பித்தார். அமலி துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டு முடித்தார். பிறகு வேறு ஏதோ கேட்பதுபோல, சாசனம் நிறைவேறியதும் அதன்கீழ் வெளிவரப்போகிற முதல் உத்தரவு எது என்று கேட்டார்.

ஞானாதிக்கம் கிணற்றடியில் நின்றார்.

துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் கஸ்பார். கோயிலுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பறங்கியருக்குப் பதினான்கு பெயர் எழுதிக் கொடுத்தவன். விசாரணை முடிந்து அவனுக்கு மரண தண்டனை விதித்திருந்தார்கள். பறங்கியர் சட்டத்தின்படி அவனைத் தூக்கிலிட வேண்டாம், நம்முடைய சட்டத்தின்படியே இடுவோம் என்று காத்திருந்தார்கள்.

"கஸ்பாரோட உத்தரவு," என்றார் ஞானாதிக்கம்.

"கையெழுத்து யாரு?"

"நான்தான்."

"உத்தரவு எப்படித் தொடங்கும்?"

"சாசனத்தோட முதல் வரி எல்லா உத்தரவுக்கும் தலைப்பில வரும். பறங்கியர் காலத்திலிருந்தே அதுதான் வழக்கம்."

அமலி உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் கொண்டுவந்தார். மருந்துப்பெட்டி மேல் காகிதத்தை வைத்தார்.

"எழுதுங்க."

"இப்பவா?"

"எப்படியும் எழுதப்போறதுதானே."

ஞானாதிக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தார். அவர் கையெழுத்து அழகானது. முதல் வரியை ஒரே மூச்சில் எழுதினார். அதன் கீழே கஸ்பாரின் பெயரும், அவன் தகப்பன் பெயரும், அவன் செய்த குற்றமும் வந்தன. 'கழுத்தில் கயிறு மாட்டி' என்பதுவரை எழுதினார். பேனா அங்கே நின்றது.

அவர் தலைப்பைப் பார்த்தார். பிறகு கடைசி வரியைப் பார்த்தார். எழுந்து கரைவரைக்கும் போனார். அங்கேயும் நிற்காமல் திரும்பி வந்தார்.

"அவன் என் தம்பியைக் காட்டிக்கொடுத்தவன்."

"தெரியும்."

"அவன் செத்தா எனக்கு வருத்தம் கிடையாது."

"எழுதி முடிங்க."

ஞானாதிக்கம் பேனாவை எடுத்தார். வைத்துவிட்டார்.

"அந்தப் பேருக்குக் கீழே முடியல அம்மா."

சற்று நேரத்தில் ஞானாதிக்கத்தின் முகம் மாறியது. வெகுநேரம் தேடிய பொருள் கையில் அகப்பட்டவர்போல வேகமாகப் பேசினார். அப்படியானால் பெயர் அங்கே இருக்கத்தான் வேண்டும். இன்று தன் கையை நிறுத்தியதுபோல, நாளை வருகிற ஒவ்வொரு ஆட்சியாளன் கையையும் அது நிறுத்தும். இதைவிடப் பெரிய காவல் ஒரு நாட்டுக்கு உண்டா?

அமலி அவர் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"உங்களுக்குத் தண்டனை வாசிச்சாரே ஒரு பறங்கி நீதிபதி. அவர் கையில இருந்த தாள் எப்படித் தொடங்கிச்சு?"

ஞானாதிக்கத்துக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. கூண்டில் நின்றபடி கேட்டிருந்தார். பறங்கியரும் கிறிஸ்தவர்கள்தான். அவர்கள் தாளின் தலைப்பிலும் அதே பெயர்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் அவர் அதை ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

"அந்த இடத்தில அவர் கொஞ்சம் நின்னாரா?"

"இல்லை," என்றார் ஞானாதிக்கம். "அந்த வரியை முணுமுணுன்னு தாண்டிப் போயிட்டார். என் பேர் வந்த பிறகுதான் குரலை உயர்த்தினார்."

"எல்லாரும் பழகிக்கிடுவாங்க, வக்கீலய்யா."

உள்ளே ஒரு நோயாளி கூப்பிட்டார். அமலி போய்விட்டார். படகுக்காரர் கரையிலிருந்து குரல் கொடுத்தார்.

மறுநாள் வாக்கெடுப்புக்காக மன்றம் கூடியது. ஞானாதிக்கம் எழுந்து, தான் எழுதிய முதல் வரியைத் தானே நீக்கக் கோரினார். யாருக்கும் முதலில் புரியவில்லை. புரிந்ததும் சபை கொதித்தது. தம்பியின் ரத்தத்துக்குத் துரோகம் செய்துவிட்டதாக ஒருவர் சொன்னார். மீரான் லெப்பையிடம் விலைபோய்விட்டதாக இன்னொருவர் சொன்னார். ஞானாதிக்கம் அதிகம் பேசவில்லை. நாம் செய்யப்போகிற ஒவ்வொன்றின் மேலும் இயேசுவின் பெயரைப் போடும் தைரியம் தனக்கு இல்லை என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

வரி இருக்கட்டும் என்று இருபத்தாறு பேர் கை தூக்கினார்கள். வேண்டாம் என்று பதினைந்து பேர். வரி நிலைத்தது. பங்குச்சாமியார் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து, ஞானாதிக்கத்தின் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார்.

அன்று பிற்பகலே கஸ்பாரின் தாள் மேசைக்கு வந்தது. தலைப்பு இப்போது அச்சில் இருந்தது. மை தொட்டால் ஒட்டியது. ஞானாதிக்கம் கையெழுத்துப் போட மறுத்தார். போட வேண்டும் அல்லது பதவியை விட வேண்டும் என்றார்கள். விட்டார். அவர் படியிறங்கித் தெருவுக்கு வருவதற்குள் வேறொருவர் மந்திரியாகிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்.

தம்பியின் மனைவி வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தபடியே, இனி இந்த வாசலுக்கு வர வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு துறைமுகத்துக்குப் போனார். அங்கிருந்து சந்தைக்குப் போனார். சந்தையிலிருந்து மறுபடி துறைமுகத்துக்கு வந்தார். எங்கே இருந்தாலும் வேறு இடத்தில் இருக்க வேண்டும்போல இருந்தது. அவரைப் பார்த்தவர்கள் வணக்கம் சொல்லவில்லை. மீரான் லெப்பை மட்டும் கடையிலிருந்து இறங்கி வந்து, கூடவே தெருமுனைவரை நடந்தார்.

செவ்வாய்க்கிழமை ஞானாதிக்கம் நண்டுத்திட்டுக்குப் போனார். கஸ்பாரைத் தூக்கிலிட வியாழக்கிழமை குறித்திருந்தார்கள்.

அமலி கரையிலேயே இருந்தார். எங்கோ புறப்பட்டு நின்றார். கையில் ஒரு துணிப்பை. அவருடைய படகு முழங்கால் ஆழத்தில் காத்திருந்தது.

ஞானாதிக்கம் நடந்ததை எல்லாம் சொன்னார். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. முடிவை முதலில் சொன்னார், முதலில் நடந்ததை மறந்துபோய் நடுவில் சொன்னார். தான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பதவியிலாவது இருந்திருக்கலாம், அந்தத் தாளைச் சில மாதமாவது தள்ளிப் போட்டிருக்கலாம், இப்போது பெயரையும் காப்பாற்றவில்லை, ஆளையும் காப்பாற்றவில்லை என்றார்.

அமலி பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க சொல்லித்தான் நான் அந்த வரியை எடுக்கச் சொன்னேன்," என்றார் ஞானாதிக்கம்.

"நான் எடுக்கச் சொல்லலையே."

ஞானாதிக்கம் யோசித்துப் பார்த்தார். உண்மைதான். அவர் சொல்லவில்லை.

அலை வந்து அவர் வேட்டியின் கரையை நனைத்தது. அவர் நகரவில்லை. அவரை இத்தனை நாள் அலைக்கழித்த கேள்வி வேறு ஒன்று. அது இப்போதுதான் வாய்க்கு வந்தது.

"தூக்குக்கயிற்றுக்கு மேல அவர் பேரை எழுதி வச்சுட்டாங்க அம்மா. இனிமே இந்த நாட்டில அவர் இருக்கிறதுக்கு எங்கே இடம்?"

அமலி அங்கியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பையைப் படகில் வைத்தார். ஏறி உட்கார்ந்து, அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"வியாழக்கிழமை வரைக்கும் கஸ்பாரோட கொட்டடியில இருப்பார். நான் அங்கேதான் போறேன்."

படகுக்காரர் துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, யாரையும் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்.